மூலன் மனைவியின் வினா: வேற்றுலகத் திரைப்படங்களிற் குடும்ப உறவு

அண்டங்கள் பல என்னுங் கருத்து யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ஆலயங்களிற் கந்தபுராண படனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, சூரபன்மன் 1008 அண்டங்களையும் 108 யுகம் ஆண்டான் என்பதை எழுத்தறியா முதியோருங் கேட்டு வளர்ந்தனர். ஆதலின், ஹொலிவூட்டிலுஞ் சென்னையிலும் அண்மைக் காலத்தில் எடுக்கப்பெற்று வரும் இணையுலகப் படங்களைக் கண்டு, இது மேனாட்டார் கண்ட புதுமையென வியத்தற்கு இங்கு இடமில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புராண அண்டங்கள்தோறும் வேறு வேறு உயிர்கள் வாழ்கின்றன. இப்படங்களிலோ ஒருவனே, அன்றேல் அவன்போல்வான் ஒருவன், வேறொரு வாழ்வு வாழ்ந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அங்கே ஒரு தாய் உண்டு, மனைவி உண்டு, பிள்ளையும் உண்டு. இவ்வுலகிலிருந்து அங்குச் சென்றவனுக்கு அவர்கள் யார்? அவர்களுக்கு அவன் யார்?

இவ்விரு வினாக்களுள் முன்னதைப் படங்கள் யாவும் வினவுகின்றன. பின்னதை வினவுவன மிகச் சில. அதனை முதன்முதல் நம் இலக்கியத்துட் கேட்டவள் படிப்பறியா இடைக்குலப் பெண்ணொருத்தி. அவள் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர்.

திருமூலநாயனார் வரலாறு யாவரும் அறிந்தது. கயிலையினின்றும் அகத்தியரைக் காணப் புறப்பட்ட சிவயோகியார், திருவாவடுதுறைக்கு அணித்தாகக் காவிரிக் கரையில், மூலன் என்னும் இடையன் இறந்துகிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையுங் கண்டார். பசுக்களின் துயரைத் தீர்த்தற்பொருட்டுத் தம்முடலை ஓரிடத்திற் சேமித்து வைத்து, மூலனுடலிற் புகுந்தார். பசுக்கள் களித்தன, மேய்ந்தன, மாலையிற் சாத்தனூருக்குத் திரும்பித் தத்தம் மனைகளிற் புகுந்தன. இதுவரையில் இது பசுக்களின் கதை. இதன்மேல் மூலனின் மனைவி வருகிறாள். கணவன் வரப் பொழுது தாழ்த்தமையால் அஞ்சித் தேடி வந்தவள், நிற்பவனைக் கண்டு, ஏதோ தீங்கு நேர்ந்ததென எண்ணித் தொட முயன்றாள். அவர் விலகினார். தமக்கும் அவளுக்கும் எவ்வகை உறவும் இல்லை என்றார். பொதுமடத்துட் புகுந்து யோகத்தில் அமர்ந்தார். அவள் இரவெல்லாம் உறங்காதிருந்து, விடிந்தபின் ஊர்ப் பெரியோரிடஞ் சென்று முறையிட்டாள். அவர்கள் வந்து நோக்கி, இவர் பழைய மூலன் அல்லர், அவளாற் பற்றத்தக்க நிலையினரும் அல்லர் என்று தெளிந்து கூற, அவள் மயங்கி வருந்தி அகன்றாள்.

இணையுலகப் படமொன்றன் முழுக் கதையும் இதனுள் அடங்கியிருத்தல் காண்க. முகம் அதுவே; குரல் அதுவே; பசுக்கள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அவளுடன் வாழ்ந்த நாள்கள் அவ்வுடலுட் புகுந்தவரிடம் இல்லை. நாயனார் அதனை உணர்ந்து விலகியதே அவர் பெருமை. முகத்தைக் கொண்டு உறவை எடுத்துக்கொள்ள அவர் ஒருப்படவில்லை. சேக்கிழாரின் பெருமையோ, அவளை ஊரவையின் முன் நிறுத்தி, அவள் முறையீட்டைக் கதையினின்றும் நீக்காது வைத்தமை. நாவலர் 1852ஆம் ஆண்டிற் பதிப்பித்த பெரியபுராண வசனத்தை இளமையிற் படித்தோர் பலர்க்கும் திருமந்திரச் செய்யுள்கள் பின்னரே அறிமுகமாயின. அவ்விடைச்சியின் இரவு முன்னரே அறிமுகமாகிவிட்டது.

யோகவாசிட்டத்து லீலையின் கதையும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது. தமிழில் ஆளவந்தார் செய்த ஞானவாசிட்டம் வாயிலாக இந்நாட்டுச் சைவர் அறிந்த கதை அது. இறந்த கணவனைத் தேடும் அரசி லீலை, கலைமகளின் அருளாற் பிற உலகங்களுட் செல்கிறாள். அவளும் அவள் கணவனும் முன்னர் ஒரு மலையடி ஊரில் அந்தணனும் மனைவியுமாய் வாழ்ந்தவர்கள். அவ்வந்தணர் இறந்து எட்டு நாளே ஆயிற்று. இங்கோ அரசும் முதுமையும் கடந்துவிட்டன. ஒரு வீட்டின் அறைக்குள் ஒரு பேரரசு அடங்கிக் கிடக்கிறது. அவ்வீட்டிற்கு அவள் செல்லும்போது, அவளுடைய முற்பிறப்புப் பிள்ளைகள் தாய்தந்தையரை இழந்து அழுதுகொண்டிருக்கின்றனர். அவள் அவர்களுக்குத் தாயாகத் தோன்றவில்லை. வனதெய்வமாகத் தோன்றி, மூத்தவன் தலையைத் தொட்டு, துயர் நீக்கி மறைகிறாள். ஏன் தாயாகத் தோன்றவில்லை என இராமன் வசிட்டரை வினவுகிறான். வசிட்டர் தருவது வேதாந்த விடை. வினாவோ தாயை இழந்த எந்தப் பிள்ளையும் வினவக்கூடியது. வேதாந்தம் விளக்க எழுந்த நூலொன்று, தன் நாயகியின் செயலைப் பற்றி இவ்வாறு ஒரு கேள்வியை எழுப்பவேண்டிய கட்டாயம் இல்லை. எழுப்பிற்று.

இனி, இக்காலப் படங்கள். அவற்றுக்கு அறிவியல் ஆதாரமாகச் சுட்டப்படுவது, அமெரிக்க அறிஞர் ஹியூ எவரெற் 1957ஆம் ஆண்டில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வு. அணுவின் நிலையை அளக்கும்போது, நிகழக்கூடிய முடிவுகளுள் ஒன்று மட்டும் நிகழ்ந்து ஏனைய இல்லாதொழிவதில்லை. யாவும் நிகழ்கின்றன, ஒன்றையொன்று காணாத கிளைகளாக என்பது அதன் சாரம். அக்கொள்கையின்படி ஒரு கிளையினின்றும் மற்றதற்கு எவருஞ் செல்லல் இயலாது. கிளைகளை அறிவியலாளர் தந்தனர். வாயில் வைத்தோர் கதைஞர். கடந்த காலத்துட் சென்று நிகழ்ச்சிகளை மாற்றும் படங்களும் இவ்வகையுள் அடக்கத்தக்கன. மாற்றியபின் உள்ள வாழ்வும் மாற்றுமுன் இருந்த வாழ்வும் இரண்டு உலகங்களேயன்றோ.

தமிழில் இத்துறையில் முன்னோடி, ஒளிப்பதிவாளர் ஜீவா 2001ஆம் ஆண்டில் இயக்கிய '12பி'. ஒரு பேருந்தைப் பிடித்தவனும் தவறவிட்டவனுமாக ஒருவன் இரண்டு வாழ்வு வாழ்கிறான். மாறுவன தொழிலும் காதலியும். குடும்பம் அங்கே பின்திரையாகவே தொங்குகிறது. செல்வராகவனின் 'இரண்டாம் உலகம்' (2013) உண்மையிலேயே வேறொரு கோளைப் படைத்து, இறந்த காதலியின் முகமுடையாளை அங்கே வைத்துத் தேடுகிறது. காட்சிப் பெருக்கு மிகுந்த அப்படத்தில், இவ்வுலகில் நோயுற்ற தந்தையைப் பேணும் மகன் என்னும் ஒரு சிறு பகுதி உண்டு. அதுவே படத்தில் உயிருள்ள பகுதி என்றால் மிகையாகாது. விக்னேஷ் கார்த்திக்கின் 'அடியே' (2023) இன்னும் நேரானது. மணந்துகொள்ள விரும்பியும் சொல்லத் துணியாதிருந்த பெண்ணின் கணவனாக, வேறொரு பெயருடன், வேற்றுலகில் ஒருவன் விழித்தெழுகிறான். நகைச்சுவைக்கு இது நல்ல முதல். ஆயின் அவனைத் தன் கணவனென்று கருதி அன்பு காட்டும் பெண், தான் மணந்தவனிடமா அன்பு காட்டுகிறாள்? அவள் மணந்தவனுக்கு என்ன ஆயிற்று என்பது கதையின் பாரமாக ஆவதில்லை. மூலனுடலிற் புகுந்தவர் விலகினார், இவன் மகிழ்கிறான். காதலன் காதலியரை உலகங்கள் கடந்தும் ஒருவர்க்கொருவர் உரியரெனக் கொள்ளும் மரபு தமிழ்த் திரைக்கு ஜென்மாந்தரக் கதைகளிலிருந்தே பழகியது. அப்பழக்கமே இங்கு வினாவை அடைத்துவிட்டது.

தாயின் செய்தி வேறு. காதலியை முகத்தாற் கண்டுகொள்ளலாம் எனத் துணியும் இயக்குநர்கள், தாயிடம் வந்ததுந் தயங்குகின்றனர். அத்தயக்கத்தில் நல்ல காட்சிகள் பிறந்துள்ளன.

விக்ரம் குமாரின் '24' (2016) இதற்குத் தக்க சான்று. சேதுராமன் என்னும் அறிவியலாளன் காலத்தைத் திருப்புங் கைக்கடிகாரம் ஒன்றைச் செய்கிறான். உடன்பிறந்த இரட்டையனாகிய ஆத்ரேயாவால் அவன் மனைவியும் அவனும் கொலையுறுகின்றனர். சாகுமுன் குழந்தையை ஓடுந் தொடர்வண்டியில் அறியாப் பெண்ணொருத்தியின் மடியிற் சேர்க்கிறான். சத்தியபாமா என்னும் அப்பெண் அக்குழந்தையைத் தன் மகனாக வளர்க்கிறாள். அதன்பொருட்டுப் பிறந்த வீட்டையும் இழக்கிறாள். 26 ஆண்டுகள் கழிகின்றன. சூர்யா மூன்று வேடம் புனைந்தமையும் கடிகாரத்தின் விந்தைகளுமே அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டன. சரண்யா பொன்வண்ணன் ஏற்ற அத்தாயின் வேடமே படத்தின் அச்சாணி என்பதை உரைத்தோர் குறைவு.

முடிவில் மகன் காலத்தை 26 ஆண்டு பின்னோக்கித் திருப்பி, மீண்டுங் குழந்தையாகிறான். பெற்றோர் பிழைக்கின்றனர். கொடியோன் ஒழிகிறான். அரங்கு கைதட்டுகிறது. ஆனால் என்ன நிகழ்ந்ததென்று ஆறி நோக்கல் வேண்டும். ஒரு பெண் பட்ட பழி, இழந்த சுற்றம், ஊட்டிய சோறு, காய்ச்சலுக்குக் கண்விழித்த இரவுகள் யாவும் ஒரு திருகாணியின் திருகலில் இல்லாமற் போயின. அவள் தீங்கினின்றும் காக்கப்பட்டாள் எனலாம். அவள் தாய்மையினின்றும் நீக்கப்பட்டாள் எனவும் ஆகும். அவளை எவருங் கேட்கவில்லை. இயக்குநருக்கு இது உறுத்தியிருத்தல் வேண்டும். அன்றேல், மாற்றப்பட்ட உலகிலும் அக்குடும்பம் அதே தொடர்வண்டியில் அவளைச் சந்திக்குமாறு அமைத்திரார். அச்சந்திப்பு, கணக்கை முழுதுந் தீர்ப்பதன்று. கடன் உண்டென்று ஒப்புவது.

ஸ்ரீ கார்த்திக் இயக்கிய 'கணம்' (2022) இவ்வளவு ஆரவாரமுடையதன்று. தாயை விபத்தில் இழந்த மகன், நண்பர் இருவருடன், அறிவியலாளர் ஒருவரின் துணையால் ஏறத்தாழ 20 ஆண்டு பின்சென்று, அவளைக் காக்க முயல்கிறான். அமலா நெடுங்காலத்தின்பின் தமிழிற் றோன்றிய படம் அது. அவன் வீட்டு வாயிலில் நிற்கும்போது உள்ளே இருப்பவள் அவன் தாயேதான்; முகம் போன்ற பிறள் அல்லள். ஆயினும் அவளுக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருக்கிறான். அவன் சிறுவன். வந்தவனோ இளைஞன், அந்நியன். அவனுக்கு அவள் தரக்கூடியது விருந்தினனுக்குரிய அன்பு மட்டுமே. தாயின் எதிரே இருந்தும் தாயை 'அம்மா' என்றழைக்க இயலாத இந்நிலை, வனதெய்வமாய் வந்து போன லீலையின் நிலையைத் திருப்பிப் போட்டது போலும். அங்கே தாய் மறைத்தாள். இங்கே மகன் மறைக்கவேண்டியவனாகிறான். இழந்ததை மீட்பதினும், கிடைத்த சில நாளைப் பெற்றுக்கொள்வதே மேலென்னும் முடிவை நோக்கிப் படம் நகர்வதால், பயணியின் ஆசை அளவு கடவாமற் காக்கப்படுகிறது. தோழர் இருவரின் பகுதிகளில் நகைச்சுவை சற்று நீண்டுவிட்டதென்பதும் சொல்லப்படவேண்டும்.

வினாவை முழுமையாகக் கேட்ட படம் அயலிலிருந்து வந்தது. டானியல் குவான், டானியல் ஷைனேட் என்னும் இருவர் இயக்கி, 2023ஆம் ஆண்டில் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஓல் அற் வன்ஸ்' (2022) அது. தந்தையின் சொல்லை மீறிக் காதலனுடன் அமெரிக்காவுக்குச் சென்ற சீனப் பெண் ஈவ்லின், சலவைக்கடை நடத்துகிறாள். வரிக் கணக்குச் சிக்கல். மணமுறிவுப் பத்திரத்துடன் திரியுங் கணவன். முதுமையுற்று வந்து சேர்ந்த தந்தை. தன் வாழ்வைத் தாய் ஒப்பவில்லை என்று ஒதுங்கும் மகள். இதற்கிடையே எண்ணிறந்த உலகங்கள் திறக்கின்றன. ஓருலகில், அவள் காதலனுடன் போகாதிருந்தமையாற் புகழ்பெற்ற நடிகையாயிருக்கிறாள். படத்தில் வேடிக்கை மிகுதி. சில இடங்களில் அருவருப்பும் உண்டு. முதியோர் பலர் இடையில் எழுந்து போதல் கூடும். போனால் இழப்பு அவர்களுக்கே.

உலகங்களைக் கடந்து அலைபவள் இங்கே மகள். பிறிதோருலகில் தாயொருத்தி தன் மகளை ஆற்றலுக்கு மீறி ஊக்கியமையால், எல்லா உலகங்களையும் ஒருங்கே காணும் நிலைக்கு அவள் சிதறிப்போனாள். அழிப்பதற்கு வந்தவள்போல் தோன்றும் அவள் உண்மையில் உலகந்தோறும் தேடுவது, தான் காண்பதைக் காணவல்ல ஒரு தாயை. ஆதலின் பயணம் செய்பவளிடமன்றி, நாடி வரப்பட்டவளிடமே முடிவு விடப்படுகிறது. அதன் இறுதியில் மகள் தாயை வினவுகிறாள்: எங்கேயும், எவளாகவும் இருக்கக்கூடிய நீ ஏன் இங்கே இருக்கவேண்டும்? தாய் அதற்குத் தத்துவம் பேசவில்லை. மகளின் உடற்பருமன் முதற்கொண்டு குறைகளையே கூறத் தொடங்குகிறாள். ஏசுதலே அன்பின் மொழியாகிவிட்ட வீடுகளில் வளர்ந்தோர்க்கு அக்காட்சியின் உண்மை விளங்கும். வேறெந்த உலகிலும் உள்ள மகளை அவள் வேண்டவில்லை. தன்னோடு சண்டையிட்டு வளர்ந்த இவளை வேண்டுகிறாள். தன் மகளின் தோழியை இன்னாரென்று தந்தைக்கு அறிமுகஞ் செய்யும்போது, தன்னைக் கைவிட்ட அத்தந்தையோடுள்ள பழைய வழக்கும் அவ்விடத்திலேயே தீர்கிறது.

இப்படங்கள் பிற ஊர்களிற் கற்பனை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவை பாதி வரலாறு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்றபின், தென்மராட்சியில் தங்கி மறு ஆண்டு வீடு திரும்பிய குடும்பமும், கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்குச் சென்ற குடும்பமும் ஒரே மதிலின் இருபுறத்தார். 12பி பேருந்தைப் பிடித்தவனுக்கும் தவறவிட்டவனுக்கும் இடையிலுள்ள தூரத்தினும் இது பெரிது. 1983க்குப் பின் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்ற பிள்ளைகள், கோடை விடுமுறையில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, ஊரிலுள்ள தாய் தேடுவது, போன அந்தப் பதினெட்டு வயதுப் பையனை. வந்து நிற்பவனோ வேறொரு நாட்டின் குளிரில் நரைத்தவன். முகம் அதுவே. இடையிலுள்ள நாள்களே இல்லை. அவனும் அவளும் ஒருவர்க்கொருவர் பாதி விருந்தினராய் ஒரு மாதம் இருந்து பிரிகின்றனர். 'கணம்' படத்து வாயிற் காட்சியை இங்குள்ளோர் காணும்போது அழுவது திரைக்கதையின் திறத்தால் மட்டும் என்று கருதற்கில்லை.

இன்னும் ஒரு வாயில் உண்டு. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுந் தாய்மார் 2017ஆம் ஆண்டு பெப்பிரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டந் தொடங்கினர். மகன் எங்கோ உயிரோடிருக்கிறான் என்று அவர்களுள் ஒருத்தி சொல்லும்போது, அவள் கூறுவது இணையுலகக் கதையன்று. இவ்வுலகத்தில் விடை தரப்படாத வினா. சாத்தனூர் இடைச்சிக்காவது ஊரவை கூடிற்று. பெரியோர் வந்து நோக்கி, உள்ளதை உள்ளவாறு அவளுக்குக் கூறினர். உண்மை துயர் தருவதாயினும் அது அவளுக்கு மறுக்கப்படவில்லை. வேற்றுலகப் படங்கள் யாவும் பயணம் போகின்றவனின் கண்வழியே எடுக்கப்படுகின்றன. வாயிலில் இருப்பவளின் கண்வழியே ஒன்று எடுக்கப்படுமாயின், அதனை அளந்து பார்க்கும் உரிமை இம்மண்ணினருக்கு மிகுதியும் உண்டு.

இத்துறையிற் கற்பனை சிறிதும் கலவாத படம் ஒன்றும் உளது. ஹியூ எவரெற் தம் கொள்கையை அக்கால அறிஞர் மதியாமையால் மனங்கசந்து, பல்கலைக்கழகத்தை விட்டு இராணுவ ஆய்வுப் பணிக்குச் சென்றவர். வீட்டில் மிகக் குறைவாகவே பேசுவார். 1982ஆம் ஆண்டில், 51ஆம் வயதில், உறக்கத்தில் இறந்தார். அவருடலைக் கண்டெடுத்தவன் 19 வயதினனாகிய மகன் மார்க். உயிர்ப்பிக்க முயன்று தந்தையைத் தொட்டபோது, அதற்குமுன் எப்பொழுதேனும் அவரைத் தொட்ட நினைவு அவனுக்கு இல்லை. பின்னாளில் 'ஈல்ஸ்' என்னும் இசைக்குழுவை அமைத்துப் புகழ்பெற்ற மார்க் ஒலிவர் எவரெற், தந்தை எண்ணியது யாதென அறிய வேண்டி, அவருடன் பயின்றோரையும் அவர் பயின்ற பிரின்ஸ்ரனையும் நாடிச் செல்லும் ஆவணப்படத்தைப் பிபிசி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'இணையுலகங்கள், இணைவாழ்வுகள்' என்பது அதன் தலைப்பின் பொருள். இயற்பியல் அறியாத மகனுக்கு அறிஞர்கள் தந்தையின் கொள்கையைப் பொறுமையாக விளக்குகின்றனர். எல்லா உலகங்களும் உண்டென்று நிறுவிய தந்தை, இருந்த ஓருலகில் மகனோடு பேசாதிருந்தார் என்பதை அப்படத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பழைய ஒலிநாடா ஒன்று அதிற் கிடைக்கிறது. 1977ஆம் ஆண்டில் எவரெற் தம் வீட்டிற் பழைய நண்பர் மிஸ்னருடன் உரையாடியபோது பதிவானது. தந்தை தம் கொள்கை பிறந்த கதையை மகிழ்ந்து கூறுகிறார். அக்குரலின் பின்னால், அதே வீட்டின் வேறோரிடத்தில், மேனாட்டு மேளம் ஒன்றை யாரோ அடித்துப் பழகும் ஒலி கேட்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மார்க்குக்கு அதனை அடையாளங் காண நேரமாகவில்லை. அடித்தவன் அவனே, அப்போது அவனுக்கு வயது 14.